21 புள்ளியும் 55 வீதமும்

1971 இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதுமாக இருந்தது. தமிழ் மொழிமூலத்தில் எழுதியவருக்கு 250 வேண்டும். பேராதனைப் பொறியியலுக்கு 227, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. மருத்துவத்தில் வித்தியாசம் 21 புள்ளி. நாலு பாடத்துக்கும் பிரித்தால் பாடத்துக்கு 5க்கு மேலே வரும். எழுதிய மொழிக்காக ஒரு பிள்ளை கட்டிய வரி அது.

1974இல், அனுமதி இடங்களை மாவட்டவாரியாகப் பிரிக்கும் மாவட்டக் கணக்கு வந்தது. வடமாகாணம் நாட்டின் சனத்தொகையில் 7 வீதம். 1969இல் விஞ்ஞானத்துறை அனுமதியில் அதன் பங்கு 27.5 வீதம். 1974இல் அதுவும் 7 வீதமாயிற்று. வற்றாத ஆறில்லாத, கிணற்று நீரை நம்பித் தோட்டம் செய்யும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் படிப்புத்தான் சம்பளத்துக்கு வழி. அந்த வழி ஐந்தே வருடத்தில் நாலில் ஒன்றாகச் சுருங்கியது. அந்த அநியாயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 27.5 எந்த வீடுகளிலிருந்து வந்தது என்றும் கேட்கவேண்டும். அமெரிக்க மிஷன் வந்தது 1816இல், வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது 1823இல். வாசலிலேயே பள்ளிக்கூடம் வந்த குடும்பங்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்துதல் கிடைத்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். சம ஆசனம் கொடுக்கும்படி 1929இல் அரசு பணித்தபோது, கொடுத்த பள்ளிக்கூடங்கள் சில எரிக்கப்பட்டன. எரித்தது நம்மவர்தான். அன்று ஏழு வயதில் வாங்கு மறுக்கப்பட்ட ஒருவருக்கு 1974இல் வயது 52. அவருடைய மகனோ மகளோ ஏ.எல். எழுதும் பருவம். இலவசக் கல்வி வந்து 29 வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் முதன்முதலாக ஏ.எல். வரை போன அந்தப் பிள்ளையையும் மாவட்டக் கணக்கு முன்னேறிய யாழ்ப்பாணத்தான் என்றே எழுதிக்கொண்டது. இரண்டு முறை தள்ளப்பட்ட பிள்ளை அது.

இன்று 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்த 5க்குள் வரும்; அங்கும் அளவு மாவட்டம்தான். நெடுந்தீவு யாழ்ப்பாண மாவட்டம். குறிகாட்டுவானுக்குப் படகு ஓடினால்தான் பட்டணத்து ரியூசனை நினைக்கவே முடிகிற பிள்ளைக்கும், வெளிநாட்டுக் காசில் மூன்று பாடத்துக்கும் ரியூசன் போகும் நல்லூர்ப் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றேதான். தகப்பன் என்ன வேலை, தாய் எதுவரை படித்தவர் என்ற நிரல் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.