கல்லமேட்டில் நொறுங்கிய பேருடல்

கடலூர் மாவட்டத்துக் காடாம்புலியூரின் முந்திரித் தோப்புகளுக்கு அடியில் பரவிக்கிடக்கும் செந்நிற மணற்கல்லைப் புவியியலாளர்கள் ‘கடலூர் மணற்கல்’ என்றே அழைக்கின்றனர். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையுடையதாகச் சொல்லப்படும் இப்படிவில், திருவக்கரையில் கிடைப்பன போன்ற கல்மரங்கள் கிடைக்கலாமே தவிர டைனோசர் எலும்பு கிடைக்க வழியில்லை. பறவைகள் நீங்கலாக அவ்விலங்குகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. அவை வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகளோ பெரும்பாலும் இம்மணற்கல்லுக்கும் வண்டலுக்கும் கீழே ஆழ்ந்துவிட்டு, புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர் ஆகிய மூன்று பகுதிகளில் மட்டும் தரைமட்டத்தில் தலைகாட்டுகின்றன.

இம்மூன்று இடங்களிலும் 1840-களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் திரட்டிய சிப்பி, நத்தை, அம்மோனைட் ஆகியவற்றின் புதைபடிவங்களை, அதாவது உடலின் வன்பகுதிகள் கனிமமேறிக் கல்லாகிய எச்சங்களை, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்தார். ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட் கடல்வாழ் உயிரினமாதலால், இன்றைய அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமி ஒருகாலத்தில் கடலாயிருந்தது என்பதற்கு அதுவே போதிய சான்று. கடலடி மண்ணில் தரைவிலங்கின் எலும்பைத் தேடுவது அரிதான வேட்டை என்றாலும், கிரெட்டேசியஸின் இறுதியில் கடல் பின்வாங்கியபோது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கல்லமேடு என்னும் சிற்றூரைச் சுற்றி இன்றும் இருப்பதால், டைனோசரைத் தேடுவோர் அங்கேயே போக நேர்ந்தது. சார்லஸ் மேட்லி இவ்வட்டாரத்து டைனோசர்களைப் பற்றி 1929-இலேயே எழுதினார்.

அவர் பெயரைத் தாங்கியே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1980-களின் பிற்பகுதியில் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்குரிய விலங்குக்கு ‘புருகத்காயோசாரஸ் மேட்லேயி’ எனப் பெயரிட்டனர். ‘பேருடல் பல்லி’ என்பது முற்பகுதியின் பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். உலகின் மிகப்பெரிய தரைவிலங்குகளுள் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி வகையில் வைக்கப்பட்ட புருகத்காயோசாரஸை, நீள்கழுத்தும் தூண்போன்ற கால்களும் உடைய தாவர உண்ணியான சாரோபாட் வகையைச் சேர்ந்தது என 1995-இல் சங்கர் சட்டர்ஜி திருத்தினார். அதே இருவர் 1979-இல் இதே அரியலூர்ப் பகுதியிலிருந்து பெயரிட்ட திராவிடோசாரஸும், முதுகில் தகடுடைய டைனோசர் அன்று, கடல்வாழ் ஊர்வன என்று பிறகு மறுக்கப்பட்டது. சிதைந்த துண்டுகளைக் கொண்டு விலங்கை ஊகிக்கும் துறையில் இத்தகைய திருத்தங்கள் இழுக்கல்ல.

இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. ஓர் இனத்துக்குப் பெயரிடுவோர் அதற்கு அடிப்படையான ‘வகைமாதிரி’யை, பிற்காலத்தவர் எடுத்துப் பார்த்து ஒப்பிடும்படி ஓரிடத்தில் காத்துவைப்பது அறிவியலின் வழக்கம். கல்லமேட்டு எலும்புகளோ மண்ணிலேயே விரிசலுற்று, உறைபோட்டுக் கட்டியும் தாங்காமல், சேமிப்பிடத்தை அடையுமுன் நொறுங்கிப்போயின. இச்செய்தி 2017-இல் கால்டனும் அய்யாசாமியும் எழுதிய கட்டுரை வழியாகவே பரவலாகத் தெரியவந்தது. அதுவரை, வெளியான சில கோட்டோவியங்களை மட்டும் கண்ட சிலர், இது எலும்பா அல்லது சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தைப் போன்ற ஒரு மரத்துண்டா என்றுகூட ஐயுற்றனர். அய்யாசாமியும் பால் என்னும் ஆய்வாளரும் 2022-இல் பழைய களப்படங்களை வெளியிட்ட பின்னரே அவ்வையம் பெரிதும் தணிந்தது. அடுத்த ஆண்டில் வேறிரு ஆய்வாளர்கள் இவ்விலங்கின் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கும் எனக் கணித்தனர். ஆயினும் படத்தை அளக்கலாமேயன்றி எலும்பை அறுத்து அதன் உள்ளமைப்பைப் பார்க்க இயலாது என்பதால், அக்கணிப்பைக் கணிப்பாகவே கொள்ள வேண்டும்.

அதே கல்லமேட்டுப் படிவிலிருந்து 2013-இல் இன்னொரு டைனோசர் அறிவிக்கப்பட்டது. கோஸ்வாமி, பிரசாத் முதலியோர் அதனை ட்ரூடான்டிட் என்னும் சிறிய, பறவைக்கு நெருங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததாக இனங்கண்டனர். அதுவரை வடகோளத்துக் கண்டங்களுக்கே உரியதாக எண்ணப்பட்ட குடும்பம் அது. அவர்களிடம் இருந்த சான்று, மில்லிமீட்டரில் அளக்கத்தக்க ஒரே ஒரு பல். அது நொறுங்காமல் இருக்கிறது.