தாயமும் தாய்மையும்

எண்களை நிரை நிரலாக நிறுத்திய அடுக்கை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் தாயம் என்கின்றன. ஆங்கிலத்தார் ‘மேற்றிக்ஸ்’ என்பர். இது தாயைக் குறிக்கும் ‘மாத்தர்’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து, பின்னர்க் கருப்பை எனப் பொருள்பட்டது. எண்ணடுக்குக்கு இப்பெயர் ஏன்?

சதுர அடுக்கொன்றின் எண்களைக் குறித்த விதிப்படி பெருக்கியும் கூட்டியும் கழித்தும் பெறும் தனியெண் துணிகோவை எனப்படும். பேரடுக்கில் வெவ்வேறு நிரைகளையும் நிரல்களையும் நீக்கப் பல துணிகோவைகள் தோன்றும். அவற்றை ஈனும் அடுக்கைக் கருப்பையெனக் கண்டு, 1850 இல் இப்பெயரிட்டார் ஆங்கிலக் கணித அறிஞர் சில்வெஸ்டர். பிள்ளைகளாகிய துணிகோவைகளையோ லைப்னிற்ஸ் 17 ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருந்தார். தாய்க்குப் பெயர் பின்னரே வாய்த்தது.

1858 இல் கெய்லி, தாயங்களையே கூட்டவும் பெருக்கவும் விதி வகுத்தார். பிறவற்றை ஈனும் அடுக்காயிருந்த தாயம் அதன்பின் தானே கணித்தற்குரிய பொருளாயிற்று.