பிரிண்ட்எஃப் எழுதியது எங்கே போகிறது?

மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாடு இன்ஃபோபார்க்குக்கு வேலைக்குப் போய், மெயின்ஃபிரேமை முதன்முதலாகத் தொடும் இளைஞருக்கு வருகிற சந்தேகம் இது. லேப்டாப்பில் சி நிரல் பிரிண்ட்எஃப் மூலம் எழுதும் விடை திரையில் வந்துவிடும். மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் பேட்ச் வேலையாக ஓட்டினால் திரையே கிடையாது.

ஏன்? வெளியீடு எங்கே சேர வேண்டும் என்பதை அங்கே வேலையை விவரிக்கும் மொழியான ஜேசிஎல் சொல்கிறது. பிரிண்ட்எஃப் எழுதும் ஸ்டாண்டர்ட் அவுட்புட் முதலில் ஜேசிஎல்லில் சிஸ்பிரிண்ட் என்ற டிடி வரியை, அதாவது கோப்பைக் குறிக்கும் வரியைத் தேடும். இல்லையென்றால் சிஸ்டெர்ம், அடுத்து சிஸ்எர். அந்த வரியில் சிஸ்அவுட் என்று குறித்தால் எல்லாம் வேலைகளின் வெளியீட்டைச் சேர்த்துவைக்கும் ஜெஸ் ஸ்பூலில் சேரும். டேட்டாசெட்டின், அதாவது கோப்பின், பெயர் கொடுத்தால் வட்டில் பதிவாகும். நிரலை மறுபடி கம்பைல் செய்யவே வேண்டாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டேட்டாசெட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு ரெகார்ட். அதன் நீளத்தைத் தாண்டிய எழுத்துகள் வெட்டுப்பட்டுவிடும்.