ஹந்தானையின் பழைய தொழிற்சாலை

கண்டி மாநகருக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில், ஹந்தானை மலைச்சரிவிலே, வரிசை வரிசையாகச் சாளரங்கள் கொண்ட நான்கு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை அது. தோட்டத்து மக்கள் வாயில் அது 'ஸ்டோர்'. தொழில் ஓய்ந்து, பத்தாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்து, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகப் புத்துயிர் பெற்றது.

அக்கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, பழைய தொழிலின் ஒழுங்கு முழுவதும் என் மனக்கண் முன் விரிந்தது. மலையிலிருந்து வந்த கொழுந்தை மேல்மாடியிலே பரப்பி வாட்டுவர். வாடியதைக் கீழே உருட்டும் யந்திரத்திலிட்டு அரைப்பர். பச்சை நிறம் செம்பாக மாறும்வரை காற்றாட விடுவர். பின்னர் அனலில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பர். அந்த யந்திரங்களிலே அவற்றைச் செய்தளித்த கம்பெனிகளின் பெயர்கள் வார்ப்பிரும்பில் இன்றும் துலங்குகின்றன. அவற்றை இயக்கிய கைகளுக்கு உரியோரின் பெயர்கள் யாவை?

இவ்வினா ஹந்தானையோடு முடிவதன்று. 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர். ஈராண்டு கழித்துத் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை நாளடைவில் அழித்தபோது, நாட்டின் செல்வத்தைக் காத்தது தேயிலையே. 1892இல் மறைந்த டெய்லருக்குக் கண்டி மஹையாவ மயானத்தில் பெயர் பொறித்த நடுகல் உண்டு, அது தகும். ஆனால், தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்து காடழித்து மலைகளைத் தோட்டமாக்கிய நம் முன்னோரில் எத்தனை பேருக்குக் கல் உண்டு?

மலையகப் பேச்சிலே ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்பது வழக்கு. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்'. நாள்தோறும் உழைத்துப் 'பேர்' வாங்கியவர்கள் வரலாற்றிலே பேரின்றிப் போனது எத்துணைக் கொடுமை! 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தமோ இலட்சக்கணக்கானோரைக் கடல் கடந்து அனுப்ப வழிகோலியது.

கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்திலே தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகம் அமைந்திருப்பது ஆறுதல் தருகிறது. எனினும், பொருள்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் பாட்டனாரும் பாட்டிமாரும் எந்தத் தோட்டத்திலே, எந்த மலையிலே, என்ன வேலை செய்தார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். யந்திரம் துருப்பிடித்தாலும் நிற்கும். நினைவு அவ்வாறு காத்திராது.