நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாதது ஏன்?

அக்குளுக்குப் பக்கத்தில் அக்கா விரலைக் கொண்டுவந்தாலே போதும், தொடுவதற்கு முன்பே குழந்தை நெளிந்து சிரிக்கும். தன் அக்குளைத் தானே எவ்வளவு நோண்டினாலும் சிரிப்பு வராது. தோலும் அதேதான், நரம்பும் அதேதான்.

வித்தியாசம் பின்மண்டைக்குள் இருக்கும் சிறுமூளையில். கையை அசைக்கச் சொல்லி மூளை தசைகளுக்கு ஆணையிடும்போது, அந்த ஆணையின் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. விரல் எங்கே, எப்போது படும் என்று அது முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணித்தபடியே விரல் பட்டால், தொடுவுணர்வைக் கையாளும் பகுதி அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

1990களின் இறுதியில் லண்டனில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் சகாக்களும் இதைச் சோதித்த விதம் கொஞ்சம் குறும்பானது. ஒருவர் இடது கையால் ஒரு கருவியை அசைப்பார். அதற்கேற்ப ஒரு ரோபோ, பஞ்சு போன்ற நுரைத்துண்டால் அவரது வலது உள்ளங்கையை வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவு. இடையே 0.1 நொடி, 0.2 நொடி என்று தாமதத்தைக் கூட்டக்கூட கூச்சமும் கூடியது. அசைப்பது அவரேதான், ஆனால் கணிப்பு பிசகியதும், யாரோ தொடுவதைப்போல மூளை கூசத் தொடங்கிவிட்டது!

காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளுக்கோ, தம் கை தொட்டாலும் பிறர் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே கூச்சம்தான். தம் எண்ணமே அந்நியர் குரலாகக் கேட்பதற்கும் இதே கணிப்புக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.