ஓடுவது இருக்கட்டும், நிற்குமா?

ஈப்போ வீட்டுப் போர்ச்சில் அப்பாவின் பழைய மினி 14 வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தீபாவளி விடுமுறையில் புதுப் பேட்டரி மாட்டி, கார்புரேட்டரைக் கழுவினோம். இஞ்சின் உறுமியதுதான் தாமதம், "ஏறும்மா, மார்க்கெட் வரைக்கும் ஒரு சுத்து" என்றார் அப்பா. ரோட் டெக்ஸ் இல்லை என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். முதலில் கெட்டியாக நின்றது. காலை எடுக்காமல் வைத்திருந்தேன். மெல்ல மெல்லத் தரைக்கே இறங்கிவிட்டது. கிளட்சும் அப்படித்தான். கியர் கரகரவென்று அடம்பிடித்தது.

"நாலு தடவ மிதிச்சா சரியாயிடும்."

சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்து மினியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. எங்காவது கசிந்தால், மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டுமே.

பக்கத்துத் தாமான் போமன் வந்து சிலிண்டர்களைக் கழற்றினார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? அந்த ஈரம் உலோகத்தை அரிக்கிறது, குழியில் உரசி ரப்பர் சீல் கெடுகிறது. புதிய டாட் 4 எண்ணெய் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 தாங்கினாலே போதும் என்கிறது அதே தரவிதி. இதுவோ 14 வருட எண்ணெய்! கெந்திங் இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால், மிதி வெறும் ஆவியைத்தான் அமுக்கும்.

நான் உதவுகிறேன் என்று மண்ணெண்ணெயில் கழுவப் போனேன். போமன் தடுத்துவிட்டார். ரப்பர் ஊதிவிடுமாம், ஸ்பிரிட்டில்தான் கழுவ வேண்டும்.

"ரப்பர் மட்டும் மாத்துனா போதாதா?" என்றார் அப்பா. கிளட்ச் சிலிண்டர்களின் உட்புறம் வழவழப்பாக இருந்தது. அவற்றுக்கு ரப்பர் போதும். பிரேக் மாஸ்டர் சிலிண்டரை அப்பாவிடமே கொடுத்து, உள்ளே விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார் போமன். நகம் குழியில் சிக்கியது. அதன்பிறகு அப்பா விலை பேசவில்லை. சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூக்கள் எல்லாம் புதிதாக வந்தன.

கடைசியாகக் காற்றெடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கினோம். அப்பா இருக்கையில், நான் கீழே, குழாயும் போத்தலுமாக. "அமுக்குங்க... பிடிங்க..." நான் நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடுங்க". தினமும் வானொலியில் பேசுகிறேன். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயந்ததில்லை.

நான்கு சக்கரத்திலும் குமிழிகள் நின்றதும் அப்பா மிதியை அழுத்தியபடியே ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

"எறங்கல."

போர்ச்சுக்குள்ளேயே ஆறடி முன்னே, ஆறடி பின்னே ஓட்டினார். நின்றது. சாவி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது, ரோட் டெக்ஸ் எடுக்கும்வரை.