வந்தவர் கணக்கும் வராதவர் கணக்கும்

பட்டாவிற்கும் சிட்டாவிற்கும், வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வானூர் வட்டத்துக் கிராமங்களிலிருந்து இ-சேவை மையத்தை நாடி வருகிற ஜனங்களுள் பலர், கணினியைத் தம் கையால் தொட்டறியாதவர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, மையத்தில் அமர்ந்திருக்கும் ஊழியர் ஒருவரே அத்தனை பேருக்காகவும் தட்டச்சு செய்து அனுப்புகிறார். அந்த விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் இணையதளத்தின் குறிப்பேட்டைப் புரட்டினாலோ, அந்த நாள் முழுவதும் ஒரே கணினி, ஒரே இயங்குதளம், ஒரே உலாவி என்றுதான் காணப்படும். மணிலா பயிரிடுகிறவரும், கல்குவாரியில் வேலை செய்கிறவரும், பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் மாணவியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போகிறார்கள். இணையதளங்களின் வருகைக் கணக்கை ஆராயப் புகுகிறவர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டிய விஷயம் இதுவே: அந்தக் கணக்கு மனிதர்களை எண்ணுவதில்லை, அவர்கள் கையாளும் சாதனங்களை எண்ணுகிறது.

நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, நம்முடைய உலாவியானது தன் பெயரையும் பதிப்பையும், தான் எந்த இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது என்பதையும் ஒரு வரியில் எழுதி சர்வருக்கு அனுப்பிவைக்கிறது. சர்வர் அதை, நேரத்தோடும் கேட்கப்பட்ட பக்கத்தின் முகவரியோடும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. ஆனால் இந்த அறிமுக வரி முற்றிலும் மெய் பேசுவதில்லை. 1994-இல் வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவி ‘மொசில்லா’ என்று தன்னை அறிவித்துக்கொண்டது. அதற்கென்றே சில தளங்கள் சிறப்பான பக்கங்களை அனுப்பத் தொடங்கியபோது, அடுத்த ஆண்டு தோன்றிய மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், அந்தப் பக்கங்கள் தனக்கும் கிடைக்கவேண்டும் என்னும் நோக்கத்தால் தானும் மொசில்லா என்றே சொல்லிக்கொண்டது. 2008-இல் வந்த குரோம், மொசில்லாவின் பெயரோடு ஆப்பிளின் சஃபாரியின் பெயரையும் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கும் விண்டோஸ் 11 அந்த வரியில் விண்டோஸ் 10-ஐப் போலவே தோன்றுகிறது. 2019 முதல் ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே பெரும்பாலும் அறிவிக்கிறது. ஆகவே, இத்தனை சதவீதம் இந்த இயங்குதளம் என்று அச்சிட்ட அட்டவணை எதைக் கண்டாலும், அதன் அடியில் இத்தகைய அனுமானங்கள் பல உண்டு என்பதை நினைவிற்கொள்வது அவசியம்.

எண்ணும் முறைகள் இரண்டு. சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் படித்துத் தொகுப்பது பழைய முறை. 1995-இல் வெளிவந்த அனலாக் என்னும் நிரல் இந்தப் பணியைச் செய்தது. பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கை வைத்து, அது வாசகரின் உலாவியில் ஓடித் தகவலை வேறோர் ஸ்தாபனத்துக்கு அனுப்புமாறு செய்வது பிந்திய முறை; டப்ளின் நகரத்து ஸ்டாட்கவுன்ட்டரும், அர்ச்சின் என்னும் நிறுவனத்தை வாங்கி 2005-இல் கூகுள் தொடங்கிய அனலிட்டிக்ஸும் இந்த வகையின. பிந்திய முறை அழகிய வரைபடங்களைத் தருகிறது. தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழித்தும் விடுகிறது. ஆனால் அந்தத் துணுக்கு ஓடாத சாதனம் எதுவும் அதன் கணக்கில் ஏறாது. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ் வாசகர்களின் அனுபவமே தெளிவாகக் காட்டுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தமிழ் இணையதளங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியான எழுத்துருக் குறியீட்டை வைத்திருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்னும் பொதுக் குறியீடுகளை வகுக்க முயன்றும், அந்தப் பேதங்கள் உடனே ஒழியவில்லை. வாசகர் எழுத்துருவைத் தனியே இறக்கிக்கொள்ளும் சிரமத்தை நீக்குவதற்காகப் பல தளங்கள் கையாண்ட ‘டைனமிக் ஃபான்ட்’ முறையோ, பெரும்பாலும் எக்ஸ்ப்ளோரர் உலாவி ஒன்றுக்கே உரியதாக இருந்தது. லினக்ஸ் வைத்திருந்தவருக்கும் வேறு உலாவி கொண்டிருந்தவருக்கும் தலையும் காலுமற்ற ஆங்கில எழுத்துக் குவியலே காட்சியளித்தது. தேடுபொறிகளுக்கும் அது தமிழ் என்று விளங்கவில்லை. இப்படிப்பட்ட தளம் ஒன்றின் கணக்கைப் பார்த்தால், வாசகர்களில் ஏறக்குறைய அனைவரும் எக்ஸ்ப்ளோரரையே உபயோகிக்கிறார்கள் என்று காணும். அதைக் கண்ட நிர்வாகிக்கு, மற்ற உலாவிகளுக்காக ஏன் பணம் செலவிட வேண்டும் என்று தோன்றுவதும் இயல்பே. தான் சாத்திய கதவையே சாட்சியாகக் கொண்டு, வெளியே எவரும் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் கணக்கு அது. அந்தக் காலத்தில் படிக்க வந்து படிக்க முடியாமல் திரும்பியவர்களை எந்தப் புள்ளிவிவரமும் பதிவு செய்யவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உண்மையான வருத்தம் உண்டாகிறது.

யூனிகோடு பரவி, 2010-இல் தமிழக அரசும் அதை அங்கீகரித்த பின்பும் இந்தத் துன்பம் முற்றும் தீரவில்லை. பத்தியின் இரு ஓரங்களையும் நேராக அமைத்தால் ஃபயர்பாக்ஸின் பழைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் சிதறிக் கிடந்தன. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. பொத்தான் வைத்த சாதாரணக் கைபேசிகளிலோ ஓபரா மினி என்னும் உலாவிதான் கைகொடுத்தது. அதன் உள்ளமைப்பில் மறைந்திருந்த ஒரு தெரிவை மாற்றிவிட்டால், தமிழ் எழுத்துகள் தொலைதூர சர்வரிலேயே படமாக வரையப்பட்டுக் கைபேசிக்கு வந்து சேரும். இந்த உபாயத்தை நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தே கணக்கற்ற பேர் தமிழ் படித்தார்கள். பின்னர் யூசி உலாவி இந்தியாவில் பெருஞ்செல்வாக்குப் பெற்று, 2020 ஜூனில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளுள் ஒன்றாக மறைந்தது. 2017-இல் வந்த ஜியோபோன், கைஓஎஸ் என்னும் இயங்குதளத்தைக் கிராமாந்திரங்களுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தேடுபொறியின் கதை வேறு. வானூர் வட்டத்துத் திருவக்கரையை எடுத்துக்கொள்வோம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாத்துவரும் பூங்கா அங்கே இருக்கிறது. பௌர்ணமிதோறும் பக்தர்கள் திரளும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றித் தளம் நடத்துகிற ஒருவருக்கு, வருகிறவர் கல்மரத்தைத் தேடி வருகிறாரா, அம்மனைத் தேடி வருகிறாரா, தமிழில் தட்டித் தேடினாரா, ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயரைத் தமக்குத் தோன்றியபடி எழுதித் தேடினாரா என்பதெல்லாம் மிகவும் பிரயோஜனமான செய்தி. ஒரு காலத்தில், வாசகர் எங்கிருந்து வந்தார் என்று உலாவி தெரிவிக்கும் முகவரியிலேயே தேடிய சொற்களும் இருந்தன. கூகுள் 2011-இல் தொடங்கி 2013-க்குள் தேடலை முழுதும் மறையாக்கியபின் அவை நின்றுபோயின; இன்று சர்ச் கன்சோல் என்னும் கூகுளின் சாதனத்தில் தொகுத்த வடிவில்தான் அவற்றைக் காணலாம். வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பைத் தொட்டு வருகிறவரோ பெரும்பாலும் எவ்வித அடையாளமும் இன்றி, ‘நேரடி வருகை’ என்னும் தலைப்பில் போய்ச் சேர்கிறார். நம் ஊர்களில் செய்தி பரவும் விதத்தை அறிந்தவர்கள், அந்தத் தலைப்பின்கீழ் எத்தனை பேர் ஒளிந்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வாறு மறைப்பதில் நியாயமும் உண்டு. உலாவி, பதிப்பு, எழுத்துருப் பட்டியல், திரையின் அளவு முதலியவற்றை ஒன்றுசேர்த்தாலே, பெயர் கேளாமல் ஒருவரைப் பிரித்தறிய முடியும் என்பதை அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-இல் நிரூபித்தது. சோதித்த உலாவிகளுள் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை ஒன்றைப்போல் ஒன்று இல்லாதவையாக இருந்தன. அதனால்தான் இப்போதைய குரோம், ஆண்ட்ராய்டு கைபேசி எந்த நிறுவனத்தினுடையதாக இருப்பினும் ஆண்ட்ராய்டு 10 என்றும், மாதிரியின் பெயருக்குப் பதிலாகக் ‘கே’ என்ற ஒற்றை எழுத்தையும் மட்டுமே சொல்கிறது. பழைய கைபேசிகளை அடையாளம் காண இருந்த சிறு வழியும் இதனால் குறுகிவிட்டது.

எனவே பொதுஜனங்களுக்காகத் தளம் நடத்துகிறவர்கள், முக்கியமாக அரசாங்கக் காரியாலயங்கள், வரைபடம் தருகிற சேவையை மாத்திரம் நம்பியிராமல், சர்வர் குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். தானியங்கிகளைக் கழித்த பின்பும் பக்கத்தைக் கேட்டவர் தொகை அதிகமாகவும், துணுக்கு எண்ணியவர் தொகை குறைவாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு விளம்பரத் தடுப்பு வைத்திருப்பவர்கள். மற்றொரு பங்கு, பக்கம் முழுதும் வந்து சேராமலே விட்டுச் சென்றவர்கள். குறிப்பேட்டில் உலாவியின் பெயரும் முதன்மைப் பதிப்பும் இருந்தால் இதற்குப் போதும். வருகிறவரின் இணைய (ஐபி) முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துவிடலாம். அதோடு, நாலைந்து ஆண்டுப் பழமையான கைபேசி ஒன்றை வாங்கி, சிக்னல் மங்கலான இடத்திலிருந்து தம் தளத்தின் விண்ணப்பப் படிவத்தை முதல் வரியிலிருந்து ரசீது வருகிறவரை நிரப்பிப் பார்ப்பது, அந்தத் தளத்துக்குப் பொறுப்பேற்ற அதிகாரியே செய்யத்தக்க வேலை.